வாஃபிள் பொறுப்பு

மார்ச் மாதக் கூட்டத்தில்
எல்லாரும் தங்கள் பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது
நான்தான் நிமிர்ந்தேன்.
மேசைக்கு அந்தப் பக்கம் பெர்ல்யோட்
பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தாள்.
அவ்வளவுதான். அந்த சீசனுக்கு
வாஃபிள் கடை என் தலையில் விடிந்தது.

பந்தை நேராக உதைக்கத் தெரியாதவன் நான்.
பள்ளியில் அணி பிரித்தால் மிஞ்சுகிற ஆள்.
இப்போது கழுத்தில் கிளப் சாவி,
கையில் கரண்டி,
இரண்டு இரும்பு அச்சு, ஒரு வாளி மாவு.
ஏலக்காய் தூக்கல் என்றார் கோச் ஓட்மார்.
அவருக்கு எதிலும் ஒரு கருத்து உண்டு.

மே பிறந்துவிட்டது.
வட நார்வேயில் பனி காலண்டர் பார்ப்பதில்லை.
காலை ஏழு மணிக்கு ஒன்பது பெற்றோர்
மண்வாரியோடு வந்து மைதானத்தைத் தோண்டி எடுத்தோம்:
ஒரு பல் மருத்துவர்,
மீன் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
வாடையோடு அப்படியே வந்த இருவர்,
போன வருடம் பிரிந்துபோன ஒரு தம்பதி.
எதிரெதிர் மூலையில் ஆரம்பித்தவர்கள்
பனி தீர்ந்தபோது நடுவட்டத்தில் முட்டிக்கொண்டார்கள்.
"காபி?" என்றாள் அவள், வேறு வழியில்லாமல்.
அந்தக் கணவன் நான்தான்,
சொல்லிவிடுகிறேன்.

கடையின் ஜன்னல் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துத் திறக்கிறது.
கட்டியவனுக்குக் கால்பந்து பிடிக்காதோ என்னவோ.
ஆட்டம் என் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது;
காதால்தான் பார்க்கிறேன்.
விசில்.
"தள்ளி நில்லுங்க, தள்ளி!" ஓட்மார்.
எட்டு வயதுகள் எல்லாம் ஒரே பந்தை
ஈயாக மொய்ப்பதற்கும் ஒரு சத்தம் உண்டு.
எங்கள் பிள்ளைகள் கோல் போட்டால் கூரைத் தகரம் அதிரும்.
வாங்கினால்
யாரோ ரேடியோவை அணைத்த மாதிரி ஒரு நொடி.

அன்று அணைந்தது அணைந்தபடியே கிடந்தது.
கோல்கீப்பர் என் மகள்.
முன்னால் பதினோரு பேர் வரிசை.
"ரெண்டு, பழுப்புச் சீஸ் வெச்சு."
அச்சை மூடினேன்.
பச்சை விளக்கு எரியத் தொண்ணூறு நொடி;
ஓடிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.
ஓடவில்லை. மாவு வழிந்தது, துடைத்தேன்.
கோட்டருகே யோருன் நிற்பாள்,
அவள் பார்த்துக்கொள்வாள் என்று
வெகு நாளைக்குப் பிறகு நினைத்தேன்.

ஆட்டம் முடிந்து ஹெட்விக் வந்தாள்.
மகள் என்று முன்னால் நுழையவில்லை,
இருபது க்ரோனரை இறுக்கிப் பிடித்தபடி வரிசையில் நின்றாள்.
பக்கத்தில் எதிரணிச் சட்டையில் ஒருத்தி,
முன்பல் இரண்டும் இல்லாதவள்.
"இவதான் போட்டா, என் கால் நடுவுல,"
வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் காட்டுவதுபோல் காட்டினாள்.

இந்த வயதில் கோலை யாரும் எழுதிவைப்பதில்லை.
விதி அப்படி.
"நாலுக்கு மூணு, நாங்க ஜெயிச்சோம்," என்றாள் பல்லில்லாதவள்.
"நாலுக்கு நாலு. அப்பா, நீயே சொல்லு."

நான் பார்க்கவில்லை என்று சொல்லும் முன்பே
ஜன்னல் எந்தப் பக்கம் என்பது
அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.
"பரவால்ல," என்றாள்.
எனக்குச் சொன்னாளா, அவளுக்கா, தெரியவில்லை.

எங்கள் வாஃபிள் ஐந்து இதயமாகப் பிரியும்.
ஆளுக்கு இரண்டு தின்றார்கள்.
மிஞ்சிய ஒன்றைத் தட்டின் நடுவில் விட்டு
முதல் கோலிலிருந்து மறுபடி
எண்ண ஆரம்பித்தார்கள்.

இந்த வாரம் ஹெட்விக் என் வீட்டு முறை.
இரவு, துவைக்கும் இயந்திரத்தின் வடிகட்டியில்
ஒரு பிடி கறுப்பு ரப்பர் மணி,
செயற்கைப் புல்லுக்கு அடியில் கிடக்க வேண்டியது.
சாக்ஸில், சட்டைப்பையில், ஒரு முறை
ரொட்டி டப்பாவில்கூட.
மைதானம் கொஞ்சம் கொஞ்சமாக
என் வீட்டுக்குக் குடிவந்துகொண்டிருக்கிறது.
ஒரு ஜாடியில் சேர்த்துவைக்கிறேன்.
பெர்ல்யோட் கணக்குக் கேட்டாலும் கேட்பாள்.