பதினோராம் பக்கம்

ஔலு நகரில் ஜனவரி.
மூன்று மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும்.
செவ்வாய்தோறும் என் மேசைக்குப் பெட்டிகள் வரும்.
பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் நுரை,
நுரைக்குள் ஒரு மோதிரம்:
நேற்று நான் தூங்கினேனா என்பதை
எனக்கே சொல்ல வந்திருக்கிறது.

வாரம் ஒரு பக்கம் எனக்கு, பதினோராம் பக்கம்.
பாதியைக் குளிர்கால டயர் விளம்பரம் தின்றுவிடும்.
மிச்சத்தில் அடுக்கவேண்டும்
ஏழு நாளின் அதிசயங்களை.

போன வருடம் இரண்டாக மடிந்த கைபேசி
இந்த வருடம் மூன்றாக மடிகிறது
(துணிக்கடைக்காரர்கள் இதை எப்போதோ முடித்துவிட்டார்கள்).
கடிகாரம் ஒன்று மெலிந்திருக்கிறது,
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி,
தேய்ந்ததில் பாட்டரியும் பாதி போயிற்று.
பால் தீர்ந்தால் கடிதம் எழுதுமாம் ஒரு குளிர்பெட்டி.

கேலி செய்கிறேன், உண்மைதான்.
ஆனால் பெட்டி பிரிக்கும்போது
அந்த மெல்லிய தாள் கிழிகிற சத்தத்தில்
இன்றும் என் மூச்சு ஒருகணம் நிற்கும்.
அதை எந்த மோதிரமும் கணக்கெடுக்கவில்லை.

பதினாறு வருடத்தில் கற்றது கொஞ்சம்.
'விரைவில்' என்றால் இன்னும் செய்யவில்லை.
'புரட்சி' என்றால் நிறம் மாறியிருக்கிறது.
'உங்கள் அனுபவத்தை மேம்படுத்த' என்று தொடங்கினால்
எதையோ எடுத்துவிட்டார்கள்,
எதை என்று தேடு.

புதன் காலை தொலைபேசி.
சல்மே ரந்தகங்காஸ், ஹவுகிபுதாஸிலிருந்து,
பனி வாரும் வண்டி ஓட்டுபவர்.
இரவு முழுக்க ஊருக்கு வழி திறந்துவிட்டு
ஐந்து மணிக்கு வீடு திரும்பினால்
தன் கதவு திறக்கவில்லை.
சாவியே இல்லாத பூட்டு. கைபேசியில் ஒரு வரி:
'சேவை நிறைவுற்றது. உங்கள் நம்பிக்கைக்கு நன்றி.'
வெளியே மைனஸ் இருபத்தாறு.
சவுனா ஜன்னலை உடைத்து
உள்ளே இறங்கியிருக்கிறார், பூட்ஸோடு.

அவர் திட்டவில்லை.
"உங்கள் பக்கத்தை விடாமல் படிக்கிறேன்.
அந்தக் கம்பெனி மூடுகிற செய்தி வந்ததா?
நான்தான் தவறவிட்டேனா?"

வந்தது.
மூன்று வாரம் முன்பு, நான்கு வரியாக.
நான் அதை ஒரு வரியாக்கினேன்.
பிறகு டயர் விளம்பரம் ஒரு விரற்கடை வளர்ந்தது.
அந்த ஒரு வரியும் போயிற்று.

"நான்தான் வெட்டினேன்" என்றேன்.

அந்தப் பக்கம் வண்டியின் உறுமல் மட்டும்.
"எதற்காக?"
"டயருக்காக."
"ஆணி வைத்த டயரா?"
"ஆமாம்."
"அதுவாவது நல்ல டயர்" என்றார்,
சிரித்தாரா என்று தெரியவில்லை.

பழைய இரும்புச் சாவிக்கே
திரும்பப்போகிறார் என்று நினைத்தேன்.
கட்டுரைக்கு அழகான முடிவு.
பாதி மனத்தில் எழுதியும்விட்டேன்.
அவரோ கேட்டார்:
"அடுத்து எந்தப் பூட்டு வாங்கலாம்?
அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றிச்
சாவி தேடிக்கொண்டிருக்க என்னால் முடியாது."

மேசையில் இந்த வாரப் பெட்டிகள்.
ஒன்றில் பூட்டு இருந்தது.
விரல் பட்டால் திறக்கும், குரலுக்குத் திறக்கும்,
நாய் வந்தால் அறிவிக்கும்.
செய்த கம்பெனிக்கு வயது பதினான்கு மாதம்.

பிரித்தேன். தாள் கிழிந்தது. மூச்சு நிற்கவில்லை.
முதலில் கவிழ்த்துப் பார்த்தேன்.
அடியில், ஒரு ரப்பர் மூடிக்குப் பின்னால்,
ஏதோ வெட்கப்பட்டதுபோல்
ஒரு சாவித்துளை.

பன்னிரண்டு பக்க அறிமுகக் கையேட்டில்
அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.
அதைத்தான் தலைப்பாக வைத்தேன்.
குளிர்பெட்டியை ஒரு வரியாக்கினேன்,
பிறகு அந்த வரியையும் எடுத்துவிட்டேன்.