இடைவேளை அட்டை

மார்பூர்க் பல்கலை நூலகத்தில்
இருக்கையை விட்டு எழுபவர்
மேசைமேல் ஓர் அட்டைக் கடிகாரம் வைத்துப் போகவேண்டும்.
கார் நிறுத்தினால் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பார்களே,
அதே நீலம்.
கிளம்பிய நேரத்துக்கு முள்ளைத் திருப்பினால்
அறுபது நிமிடம் அந்த நாற்காலி உங்களுடையது.
அறுபத்தோராவது நிமிடம்
யார் வேண்டுமானாலும் உங்கள் புத்தகங்களை
ஓரமாய் ஒதுக்கிவிட்டு உட்காரலாம்.

சட்டம் எனக்குப் பிடித்திருந்தது.
சட்டத்தின் ஓட்டை இன்னும் பிடித்திருந்தது.
பத்தே கால் மணிக்கு எழுந்து
முள்ளைப் பத்தே முக்காலில் வைப்பேன்.
இன்னும் வராத நேரத்தில் எழுந்து போன
முதல் தமிழச்சி நானாகத்தான் இருப்பேன்.

அப்படிக் களவாண்ட அரைமணிகளை
என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள்.
லான் ஆற்றில் வாத்துகளை எண்ணினேன்.
அதிகாலை நாலரைக்கு எழுவது எப்படி என்று
யாரோ ஒருத்தி அலைபேசியில் சொல்லித்தருவதை
பகல் பதினொன்றுக்குப் பார்த்தேன்.
ஆய்வேட்டுக்கு நாலு வண்ணத்தில் அட்டவணை போட்டேன்.
அட்டவணை முடியத் தாமதமானதால்
அட்டவணைக்கு ஓர் அட்டவணை.
அறைத்தோழி தில்யாராவின் சட்டிகள்கூடப் பளபளத்தன;
எழுதாத நாளில் என்னைப்போல் பாத்திரம் தேய்ப்பவள் கிடையாது.

மண்ணில் நைட்ரேட் எப்படிக் கீழிறங்குகிறது
என்பது என் தலைப்பு.
மழை பெய்தால் இறங்கும்.
அதை அறுபது பக்கத்தில் சொல்லவேண்டும்.
மார்ச் பதினாலு கடைசி நாள்.
பிப்ரவரி இருபத்தாறில் என்னிடம் இருந்தவை
பதினோரு பக்கங்கள், அதில் இரண்டு நன்றியுரை.
"எதுவரை வந்திருக்கிறது?" என்று
ஃபிராவ் ஹெல்ம்ப்ரெஹ்ட் ஒற்றை வரி அனுப்பியிருந்தார்.
பதில் எழுத ஒன்றரை மணி நேரம்.
அருமையான ஜெர்மன். ஒரு பிழை இல்லை.

அன்று பனி மழையாக மாறிக்கொண்டிருந்தது.
வழக்கம்போல் முள்ளைத் தள்ளிவைத்துவிட்டுப் போனவள்
படிகள் ஏறி மேல் நகரம் வரை நடந்துவிட்டேன்.
திரும்பியபோது
என் பொய் நேரமும் தீர்ந்து பன்னிரண்டு நிமிடம்.

நாற்காலியில் ஒருவன்.
காதில் மஞ்சள் அடைப்பான், கையில் செங்கல் தடிமன் சட்டப் புத்தகம்.
என் தாள்களை விளிம்பு பிசகாமல் அடுக்கி
மேலே பேனாவை நேராக வைத்து
கடிகார அட்டையைக் கவிழ்த்திருந்தான்.
கோபப்பட ஒரு காரணமும் விட்டுவைக்கவில்லை, பாவி.

தேர்வுக்காலம். மூன்று தளமும் நிரம்பி வழிந்தது.
படிக்கட்டு வளைவில் ஹீட்டரை ஒட்டித்
தரையில் உட்கார்ந்தேன்.
சார்ஜர் எட்டவில்லை. பேட்டரி நாலு சதவீதம்.
கணினியை மூடிவிட்டு
அச்சுத்தாளின் வெற்றுப் பக்கத்தில் பென்சிலால்
'மூன்றாம் நாள் மழைக்குப் பிறகு' என்று தொடங்கினேன்.
அது நல்ல வாக்கியம் அல்ல.
அடுத்ததும் அல்ல.
ஏழாவதில் ஒரு வினைச்சொல் சரியான இடத்தில் விழுந்தது.
யாரோ மன்னிப்புக் கேட்டபடி என் காலைத் தாண்டிப் போனார்கள்,
நிமிராமலே "பரவால்ல" என்றேன்,
தமிழில்.

கால் மரத்தபோது ஜன்னலில் இருட்டு.
இரண்டே முக்கால் பக்கம்.

அன்றோடு திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான்.
மறுநாளும் அதே வளைவுக்குப் போனேன்;
ஹீட்டர் அணைந்திருந்தது, ஒரு வரி வரவில்லை,
வாத்துகள் நாற்பத்தொன்று.

அதற்கடுத்த நாள் நாற்காலி கிடைத்தது.
பத்தே காலுக்கு எழுந்தேன்.
பழகிய விரல் முள்ளைத் தள்ளிக்கொண்டு
பத்தே முக்கால் வரை போய்விட்டது.
சற்று நின்றேன்.
பக்கத்து மேசைக்காரி தன் பேரிக்காயைத் தின்றுகொண்டிருந்தாள்,
யாரும் பார்க்கவில்லை.
முள்ளைப் பின்னால் இழுத்துப்
பத்தே காலில் வைத்தேன்.

பதினொன்று பத்துக்கு வந்துவிட்டேன்,
தலையில் மழையோடு.
நாற்காலி காலியாக இருந்தது, எனக்காக, முறைப்படி.
வெளியே தண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.
நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில் அது என்ன செய்கிறது
என்று சொல்ல
இன்னும் நாற்பத்தாறு பக்கம் பாக்கி.
பென்சிலைச் சீவினேன்.
ஒரு தடவை மட்டும்.