இடப்பக்கப் பூட்டு

குணாளன் அண்ணன் ஒஹாயோவிலிருந்து கேட்கிறான்:
"எதை வாங்கட்டும்? பார்த்துச் சொல்லு."
பீடோர் ஆலை எடைமேடையில்
பதினேழாவது லோரி ஏறி நிற்கிறது.
இருபத்தோராயிரத்து நானூற்று இருபது.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
மறுபடியும் கைப்பேசியைத் திறக்கிறேன்.

என் முதல் துப்பாக்கி.
மருந்தை வாய்வழியே கொட்டி,
துணியில் பொதிந்த ஈயக்குண்டைக்
கோலால் இடித்து இறக்கி,
சிக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கிற ரகம்.
இங்கே அதை வீட்டில் வைத்தால்
போலீஸ் வரும் முன்னே மாமியார் வந்துவிடுவார்.
அண்ணன் அலமாரியில் இருக்கும்.
டிசம்பரில் நான் போவேன்,
பனியில் நின்று சுடுவேன்,
துடைத்து வைத்துவிட்டுத் திரும்புவேன்.

"காட்டுப்பன்றிக்கா?" என்றார் சிவநேசன்.
இல்லை, காகிதத்துக்கு.
"காகிதம் உன்னை என்ன செய்தது?"
இருபத்திரண்டு வருடமாகக் கிராணி வேலை.
பதில் சொல்லாமல் சோற்றைப் பிசைந்தேன்.

நாற்பத்தைந்தா, ஐம்பதா?
ஐம்பது என்றால் குண்டு சுண்டைக்காய் அளவு.
நாற்பத்தைந்து அதன் பிஞ்சு;
மருந்தும் குறைவு, தோளில் உதையும் குறைவு.
பிஞ்சே போதும்.
குழல் நீளம் நாற்பத்திரண்டு அங்குலம்:
நிறுத்தி வைத்தால் என் புருவம் தொடும்.
எடை நாலு கிலோகூட இல்லை.
ஒரு செம்பனைக் குலை அதற்கு ஐந்து மடங்கு.
என் எடைமேடைக்கோ
இருபது கிலோவுக்குக் கீழே உலகமே கிடையாது;
அதை நடுவில் கிடத்தினாலும் சுழியம்தான் காட்டும்.
அது எனக்கு ஏனோ பிடித்திருந்தது.

முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை
அளந்து அனுப்பச் சொன்னான்.
தையல்கடை மஸ்லினா நாடாவைப் பிடித்து
"பதின்மூன்றேகால்" என்றாள்.
"என்ன சட்டை இது, ஒரு கைக்கு மட்டும்?"

பிறகு படிவத்தின் கடைசிக் கட்டம்:
எந்தக் கை?

லோரி ஹார்ன் அடிக்கிறது. அடிக்கட்டும்.

நாற்பத்தாறு வயதில்
ஒரு சாமான் என்னிடம் இதைக் கேட்கிறது.
கத்தரிக்கோல் கேட்டதில்லை.
பள்ளி மேசை கேட்டதில்லை.
கோயிலில் கை தானாக நீள,
குருக்கள் திருநீற்றை விரலில் பிடித்தபடி
அது மாறும்வரை காத்திருப்பார்.
அடித்து அடித்து எழுத்து மட்டும் வலக்கைக்குப் போனது.
மற்றதெல்லாம் இன்னும் நொட்டாங்கைதான்:
தோசை திருப்புவது, கதவு திறப்பது,
கோபத்தில் எதையாவது எறிவது.

வலக்கைக்காரர் துப்பாக்கியில் பூட்டு வலப்புறம்.
அதை நான் என் தோளில் வைத்தால்
கிண்ணத்து மருந்து என் முகத்தெதிரே பற்றும்.
இடப்புறம் பூட்டு வைத்தும் செய்கிறார்களாம்.
எங்கேயோ ஒரு கொல்லன்
என்னைப் போல் ஒருவனுக்காக
முழு யந்திரத்தையும் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல்
திருப்பிப் போட்டிருக்கிறான்.

"அதற்கு நூற்றுத் தொண்ணூறு டாலர் கூட," என்கிறான் அண்ணன்,
"பதினான்கு மாதமும் ஆகும்.
மற்றது கடையிலேயே இருக்கிறது, நாளைக்கே வாங்கலாம்.
நீதான் வலக்கையில் எழுதுகிறாயே,
பழகிவிடும்."

பழகிவிடும்.
அந்தச் சொல்லை எடைமேடையில் ஏற்றினால்
எவ்வளவு காட்டும்?

கல் விழுந்து பொறி பறந்த பிறகும்
வெடிப்பதற்கு முன் ஓர் இடைவெளி உண்டாம்.
கண் இமைப்பதைவிடக் கொஞ்சம் பெரியது.
அதற்குள் பயந்து அசைந்தால் குறி போச்சு.
வித்தையே அந்த இடைவெளியில் நிற்பதுதானாம்.

மாப் கோலை இடத்தோளில் சாய்த்து
சன்னல் வழியாகக் குறி பார்க்கிறேன்.
எதிரே லோரிக்குள் அஸ்மான்
இரு கையையும் மெல்ல உயர்த்துகிறான்.
சிரிக்கவில்லை நான்.
ஒன்று, இரண்டு. அசையவில்லை.

கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு
இடக்கைக் கட்டைவிரலால் தட்டி அனுப்பினேன்:
இடது. காத்திருக்கிறேன்.

"கக்கா," என்றான் அஸ்மான், "என் சீட்டு?"
பதினெட்டாயிரத்து அறுநூறு.
வலக்கையால் எழுதிக் கொடுத்தேன்.