வால் எங்கள் பக்கம்

நாய்தான் முதலில் கண்டது.
சீனன்வெளிக்கு மேற்கே விடத்தல் பற்றைக்குள்
கறுப்பாய் ஒரு ஓட்டம்,
பின்னால் கட்டையனின் குரைப்பு.
குரைப்பு ஓரிடத்தில் நின்று
சுற்றத் தொடங்கியதும் ஓடினோம்.
எல்லைக்கல்.
வனத் திணைக்களம் நட்டது, வெள்ளை பூசி
சிவப்பில் நூற்றிப் பதினேழு.
அதன் அடியில் வளை.

கதிராமன் மச்சான் குனிந்து மோந்து பார்த்தார்.
"உள்ளுக்குத்தான் கிடக்கு.
தலை அந்தப் பக்கம், வால் எங்கட பக்கம்."
கல்லுக்கு அங்கால் அரசாங்கத்துக் காடு.
இங்கால் யாருடையதென்று
கந்தோரில் இன்னும் முடிவில்லை.
"அப்ப வாலை மட்டும் தின்னுவமா?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அலவாங்கைத் தந்தார்.

கல்லைச் சரித்துப்போட்டுத் தோண்டினேன்.
மேலே வெருகல் ஆறு வெள்ளத்துக்கு வெள்ளம்
கொண்டுவந்து போட்ட வண்டல்.
ஒரு சாண் கீழே மண் குளிர்ந்தது,
முழத்தில் நிறம் மாறியது.
சாம்பல்.

காடு எரிந்த சாம்பலென்றால் படர்ந்து கிடக்கும்.
இது குவிந்து கிடந்தது,
யாரோ ஒருத்தி குனிந்து
பல வருடம் ஊதிச் சேர்த்த மாதிரி.
அலவாங்கு நங்கென்றது.
மூலை உடைந்த கருங்கல்.
தேங்காயைக் கத்தியால் உடைக்கச் சொல்லியும் கேளாமல்
கோணாமலை அதிலேயே அடித்து
மூலையைப் பெயர்த்த கல்.

இந்த விடத்தல் ஒன்றும் அப்போது இல்லை.
இது வாசலாக இருந்தது.
நானே மிதித்துக்கொண்டு நின்றும்
கல் சொல்லும்வரை தெரியவில்லை.
ஓடிய அன்று உலையில் என்ன கொதித்ததென்று
எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறதாம்.
எனக்கு இல்லை.
சாம்பலைக் கிளறினேன்.
விரலில் ஏறியது ஒரு சின்னத் தாடையெலும்பு,
பல் இன்னும் கூர்.
"உடும்பு," என்றார் மச்சான்.
"நாமதான் தின்றது."

பிறகு வால் தெரிந்தது.

உடும்புப் பிடியென்று
பள்ளிக்கூடத்தில் வாக்கியம் அமைக்கச் சொல்வார்கள்.
அது என் குசினிச் சுவரின் அடிக்கல்லைப் பிடித்திருந்தது,
நான் அதன் வாலைப் பிடித்திருந்தேன்,
கட்டையன் என் பாவாடையைப் பிடித்திருந்தது.
உறுதி எங்கே, பத்திரம் எங்கே என்று கேட்ட ஐயாவை
அந்த நேரம் கூட்டிவந்து காட்டியிருக்கலாம்.
யார் விடுவதென்று தெரியாமல்
வெகுநேரம் கிடந்தோம்.

வெளியே வந்தபோது
அதற்கும் மூச்சு வாங்கியது.
மச்சானின் உதடு அசைந்தது,
குமாரரிடம் கேட்கிறார்.
என்ன பதில் வந்ததோ,
பொல்லு ஒரே தரம்தான் இறங்கியது.

புகை எழுந்தால் ஜீப் வரும்.
என்றாலும் மூன்று கல்லையும் கிளப்பி வைத்து
அந்த இடத்திலேயே மூட்டினேன்.
பதினெட்டு வருடம் பட்டினி கிடந்த அடுப்பு,
முதல் சுள்ளியிலேயே பற்றிக்கொண்டது.
தோல் பொசுங்கி உரிந்தது.

பங்கில் எங்களுக்குப் பிழை வராது.
ஈரலில் முதல் துண்டு குமாரருக்கு, இலையில்.
கண்டவருக்குத் தலை. கண்டது கட்டையன்.
பிடித்தவருக்கு வால். அது எனக்கு.
கோணாமலையின் பங்கில்தான் எப்போதும் வழக்கு.
செத்தவர் பங்கென்றால் குமாரரின் இலைக்கு அருகே,
வராதவர் பங்கென்றால் எங்கள் இலைகளோடு.
மச்சான் என்னைப் பார்த்தார்.
நான் எங்கள் பக்கம் வைத்தேன்,
உப்புத்தூள் கொஞ்சம் கூடவே போட்டு.
அவருக்கு எதிலும் உப்புப் போதாது.

ஜீப் வரவில்லை.
சூடு ஆறாத மூன்று கல்லையும்
குழிக்குள் அண்டை வைத்து
எல்லைக்கல்லை அதே இடத்தில் நிமிர்த்தினோம்,
மண் தள்ளி மிதித்தோம்.
நூற்றிப் பதினேழு முன்பு எந்தப் பக்கம் பார்த்ததென்று
இருவருக்கும் மறந்துபோயிற்று.
இப்போது அது காட்டைப் பார்க்கிறது.

கட்டையன் மட்டும்
கல்லுக்கு அங்காலும் இங்காலும் போய்வந்தது,
வாயில் ஒரு தாடையெலும்போடு.
பழையதா, இன்றையதா,
நான் பறித்துப் பார்க்கவில்லை.