ஐந்தாம் கூண்டிலிருந்து சில வாக்குகள்

இரவு இரண்டு மணிக்கு டெலாவேர் ஆற்றுப் பாலத்தில்
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
ஏழு நிமிடம் கிடைக்கும்.
சுங்கக் கூண்டில் உட்கார்ந்தபடியே
ஓர் அணியைத் தேர்ந்துவிடலாம்.

மைதானத்தில் பியர் விற்கிறவனிடம்
ஒரு கட்டு வாங்கி வந்திருக்கிறேன்.
கெட்டி அட்டை. பெயருக்குப் பக்கத்தில்
மிளகளவு வட்டம், குத்தினால் விழும்.
குத்த என் கொண்டை ஊசி.

பந்து வீசுகிறவர்களுக்கு இதில் பெயரில்லை.
அவர்களை மேனேஜர் பார்த்துக்கொள்வாராம்.
பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் பேஸுக்கு வெண்டல் ஸ்டூப்ஸ்.
அவன் ஓடுவது
ஃபிரிட்ஜை மாடிக்கு ஏற்றுவதுபோல் இருக்கும்.
ஆனால் மற்றவர்கள் தப்பாக எறிந்ததையெல்லாம்
புழுதியிலிருந்து பொறுக்கியெடுத்து
அவர்கள் மானத்தைக் காப்பாற்றுகிறான்.
அதற்கு எந்தப் பத்தியிலும் எண் கிடையாது.

நான்காம் கூண்டு டெஸ்மண்டுக்கு எண்தான் வேதம்.
கண்ணாடிக்கு அப்பாலிருந்து கத்துகிறான்:
"இருநூற்று முப்பத்தொன்று அடிக்கிறவனுக்கா ஓட்டு?
மர்லீன், இது நட்சத்திர அணி, தர்மசத்திரம் இல்லை!"
அவனுடைய அணி ஏப்ரலிலேயே தயார்.
அதில் ஒருவருக்கும் வியர்ப்பதில்லை.

இரண்டாம் பேஸில் வழக்கே இல்லை:
இக்னாசியோ பராகாஸ்.
போன செப்டம்பரில் எங்களைக் கொன்றவன்.
வைதுகொண்டே குத்தினேன்.

மூன்றாம் பேஸுக்கு வரும்போது
கோழி ஏற்றிய லாரி வந்தது.
சில்லறை கொடுத்துத் திரும்பினால்
கூண்டுக்குள் ஓர் இறகு,
ஊசி வேறொருவன் வட்டத்தில்.
ஓபர்மையராம். இருக்கட்டும்,
எனக்கும் இந்த வேலை
இப்படித்தான் கிடைத்தது.

வெளிக்களத்துக்கு மூன்று பேர்.
மூவரும் எங்கள் ஊர் அணி. வெட்கமில்லை.
நடுவில் நிற்கும் ட்யூபோஸ்
பத்து ரன் பின்தங்கிய ராத்திரியிலும்
மேல்வரிசையில் யாராவது கையசைத்தால்
திருப்பி அசைப்பான்.

ஷார்ட்ஸ்டாப்.

அட்டை அச்சானது மார்ச்சில்.
அதில் லயல் ஹென்ஷா இன்னும் இருக்கிறான்.
மே மாதம் முழங்கால் போனது.
ஜூன் முதல் வாரம் அணியிலிருந்து விடுவித்தார்கள்.
விடுவித்தார்கள்! இத்தனை நாள்
ஜெயிலில் கிடந்தவனைப்போல.

சென்ற வியாழன், மூன்றேகால் மணி,
பழுப்பு ஸ்டேஷன் வேகன் ஒன்று
என் கூண்டை ஒட்டி நின்றது.
கூரையில் மெத்தை, பின்னால் குழந்தை சைக்கிள்.
ஓட்டியவன் காசைக் கையில் தரவில்லை.
மணிக்கட்டை மட்டும் அசைத்து
மூன்று கால் டாலர்களை
ஒன்றன்பின் ஒன்றாகச் சுண்டினான்.
மூன்றும் என் உள்ளங்கையின்
ஒரே இடத்தில் விழுந்தன.
நான் விரலைக்கூட நகர்த்தவில்லை.

அப்படி எறிகிற கை எனக்குத் தெரியும்.
பதினோரு வருடம் பார்த்த கை.
முகத்தைப் பார்க்கவில்லை.
பார்த்தால் ஏதாவது சொல்லவேண்டி வரும்.
"ரசீது வேண்டுமா?" என்றேன்.
"வேண்டாம், மேடம்" என்றான்.
மேற்கே போகிற தடத்தில்
சிவப்பு விளக்குகள் வெகுநேரம் தெரிந்தன.

கத்து டெஸ்மண்ட், நன்றாகக் கத்து.
ஆடாதவனுக்குப் போட்ட ஓட்டு
எண்ணும் இயந்திரத்தில் என்னவாகுமோ தெரியாது.
இருபத்திரண்டு அட்டை.
இருபத்திரண்டிலும் ஹென்ஷா.
கடைசியில் ஊசி வளைந்துவிட்டது.

ஆறு மணிக்குக் கூண்டைப் பெருக்கினேன்.
மிளகு மிளகாய் வட்டங்கள், ஓர் இறகு.
அன்றைக்கு வந்த மூன்று காசில் ஒன்று
இன்னும் என் கோட்டுப் பையில் இருக்கிறது.
பதிலுக்கு என் காசைக் கல்லாவில் போட்டுவிட்டேன்,
கணக்கில் குறையில்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்,
வெயில் முகத்தில் அடிக்கும்போதுதான்
ஞாபகம் வந்தது:
கேட்சர்.
ஒரு அட்டையில்கூட
கேட்சருக்குக் குத்தவில்லை.