ஒன்பதாம் கேள்வி

மால்வேர்ன் நூலகத்தின் கீழ் அறை, சனி காலை.
ஹீட்டர் உறுமுகிறது, சூடு வரவில்லை.
எட்டுக் கேள்விகள் தாண்டியாயிற்று.
இனிப்பு, உப்பு, மூட்டுவலி, மருந்து,
எல்லாம் நான்கு மொழியிலும் ஏறிவிட்டன.

ஒன்பதில் சிக்கிக்கொண்டோம்:
இரண்டு கிழமையாய் மனச்சோர்வு உண்டா?

சோமாலியில் இப்படிக் கேட்டால்
கதவைச் சாத்திவிடுவார்கள் என்றாள் பர்தோசா.
எங்கள் ஆட்கள் சாத்தமாட்டார்கள்,
கோப்பி தந்து அனுப்புவார்கள் என்றாள் மரிசெல்.
தமிழில்?
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
"நாங்கள் சுகம்" என்பார்கள், அவ்வளவுதான்.

திரையில் கிசுமுக் குழு. அங்கே அந்தி.
கரண்ட் போய் முகங்கள் அணைந்தன,
ஒரு குரல் மட்டும் மிஞ்சியது:
அந்தக் கேள்வியை நாங்கள் வெட்டிவிட்டோம்.
கடைசியாக யாரோடு இருந்து சாப்பிட்டீர்கள்
என்றுதான் கேட்கிறோம்.
அதற்குப் பொய் சொல்ல நேரம் பிடிக்கும்.

அறையே கொஞ்சம் அசையவில்லை.
பிறகு பர்தோசா கதிரையைத் திருப்பினாள்,
சும்மா ஒத்திகைக்கு,
கூட்டக் குறிப்பு எழுதும் என்னைக் கேட்டாள்.

நேற்றிரவு,
சிங்கின் மேல் குனிந்து, நின்றபடி,
சட்டியிலிருந்தே.

குறிப்பேட்டில் ஒன்பதாம் எண்ணுக்கு எதிரே
"ஏற்கப்பட்டது" என்று எழுதினேன்.
மரிசெல் கேட்டாள்,
மத்தியானம் எங்கே போகிறாய்?