மூன்று பேரிங்

லாரி ஹப்பில் கழற்றிய பேரிங் மூன்று,
பர்கூர் பைபாஸ் காயலான் கடையில்
எடைபோட்டு வாங்கியவை.
நெருக்கும் திருகு பழைய ஜாக்கியுடையது.
கைப்பிடிக்கு
மாதப்பன் சைக்கிளின் இடது கிராங்க்.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆறு எம்எம் கம்பியை நுழைத்துச் சுற்றினேன்.
வட்டம் கேட்டேன்.
மேலேறி மேலேறி
ஸ்பிரிங் ஆனது.

நடு பேரிங் மயிரளவு தாழ்வு.
கடலை எண்ணெய் டின்னில் ஒரு துண்டு வெட்டி
அடியில் செருகி
மறுபடி சுற்ற,
கம்பி யோசித்து யோசித்து வளைந்தது,
தன் நுனிக்குப் பக்கத்தில் வந்து
நகக்கண் தள்ளி நின்றது.
போதும். மிச்சத்தை வெல்டிங் பார்த்துக்கொள்ளும்.

மாங்காய் இறக்கும் வலைக்கு
சந்தூரில் நாற்பது வளையம் கேட்டிருக்கிறார்கள்.
முப்பத்தொன்பதாவது உருளும்போது
வாசலில் மாதப்பன்,
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.